லென்ஸ் மூடிகள்: தேடியவை, கடைந்தவை, அச்சிட்டவை

என்னிடம் மூடி இல்லாமல் வந்து சேர்ந்த லென்ஸ்களின் பட்டியல் இது: சோவியத் தயாரிப்பான ஹீலியோஸ் 44-2, அதன் ஊர்க்காரரான இண்டஸ்டார்-50, பெயர் எழுத்துகள் தேய்ந்துபோன 135 மி.மீ. டெலி லென்ஸ், நிக்கான் 50 மி.மீ., கடைசியாக இரட்டைக் கண் யாஷிகா-மேட் கேமரா. எல்லாம் பழைய சரக்கு. விற்றவர்களில் சிலர் பாலித்தீன் பையைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தார்கள். சென்னை வெயிலில் ரப்பர் பேண்டு ஒரு கோடையைக்கூடத் தாங்காது. இளகி உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு நகத்தால் சுரண்ட வேண்டும். பாலித்தீன் பை அதைவிட மோசம், உள்ளே அடைபட்ட ஈரக் காற்றுக்கு வெளியேற வழியே இல்லை. ஆகவே ஒவ்வொன்றுக்கும் உரிய மூடியைத் தேடுவது, கிடைக்காவிட்டால் செய்துகொள்வது என்று இறங்கினேன். இதுவரை நடந்ததை எழுதி வைக்கிறேன். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு அளவுகளாவது உதவும்.

மூடி எதைப் பிடித்துக்கொண்டு நிற்கப் போகிறது என்று பார்க்காமல் கடைக்குப் போவதில் பயனில்லை. லென்ஸின் வாய்க்குள், ஃபில்டர் மாட்டுவதற்காக வெட்டிய மரையைப் பிடித்து நிற்பது ஒரு வகை. இன்று கடைகளில் தொங்கும், இரண்டு விரலால் அழுத்தி மாட்டும் கிள்ளு மூடிகள் எல்லாம் இந்த வகைதான். லென்ஸின் வெளிச்சுவர்மேல் செருகி நிற்பது இன்னொரு வகை. பழைய உலோக மூடிகள் பெரும்பாலும் அப்படி. பயோனெட் எனப்படும் சிறு காதுகளில் செருகித் திருப்பி மாட்டுவது மூன்றாவது, தலைவலியும் அதில்தான். முதல் வகைக்கான அளவு பெரும்பாலும் லென்ஸிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்: குறுக்குக் கோடு போட்ட வட்டமும் பக்கத்தில் ஓர் எண்ணும். 49, 52, 55, 58, 62, 67, 72, 77, 82 என்று அந்த வரிசை போகும். லென்ஸ் மேல் 50 மி.மீ. என்றிருக்கிறதே, ஐம்பது அளவில் மூடி கொடுங்கள் என்று கேட்கிறவர்கள் உண்டு. அது குவியத் தூரம். மூடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

குறி அழிந்துபோன லென்ஸுக்கு வெர்னியர் காலிப்பர்தான் துணை. மரையின் முகட்டிலிருந்து எதிர் முகட்டுக்கு உள்விட்டத்தை அளந்தால், பெயரளவைவிடக் கிட்டத்தட்ட 0.8 மி.மீ. குறைவாக வரும். காலிப்பர் 51.2 காட்டினால் வாங்க வேண்டியது 52. நடுத்தர அளவுகளில் மரை இடைவெளி, அதாவது ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் உள்ள தூரம், பெரும்பாலும் 0.75 மி.மீ. என்பதால் இந்தக் கணக்கு பொருந்துகிறது.

நிக்கானில் சொல்ல அதிகம் இல்லை. 1959-இல் நிக்கான் எஃப் வந்த பிறகு அந்த நிறுவனம் தன் லென்ஸ்களில் பலவற்றை 52 மி.மீ. வாயோடு செய்தது. அதனால் 52-க்கான மூடி எங்கும் கிடைக்கிறது. நடுவில் கிள்ளும் மூடியாகப் பார்த்து வாங்குங்கள். ஓரத்தில் கிள்ளும் மூடியை, வெயில்மறைப்பு ஹூட் மாட்டியிருக்கும்போது விரல் விட்டு எடுக்க முடியாது.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய டிரங்க் சாலையில் செடி முதல் தையல் இயந்திரம் வரை விற்கும் அந்தச் சந்தையில், ரிமோட்டுகளும் சார்ஜர்களும் கொட்டிக் கிடக்கும் தார்ப்பாய்களைக் கிளறினால் லென்ஸ் மூடிகள் அகப்படும். விற்பவருக்கு அவை வெறும் கறுப்பு வில்லைகள். “எது வேண்டுமானாலும் எடுங்கள் சார், எல்லாம் ஒரே விலை” என்றார் ஒருவர். காலிப்பரைச் சட்டைப் பையிலிருந்து எடுத்ததும் அவருடைய முகம் மாறியது, விலையும் மாறியது. அங்கே போகிறவர்கள் அளவு வெட்டிய அட்டைத் துண்டைக் கொண்டுபோவது நல்லது. எனக்கு அங்கே 49 அளவில் ஒரு கிள்ளு மூடி கிடைத்தது. ஒரு பக்கத்து ஸ்பிரிங் இல்லை. பால்பாயின்ட் பேனாவின் ஸ்பிரிங் அந்தப் பள்ளத்துக்குத் தடிமன். சிகரெட் லைட்டரில் கல்லுக்கு அடியில் இருக்கும் மெல்லிய ஸ்பிரிங்கைத் துண்டு போட்டு வைத்தேன், சரியாக உட்கார்ந்தது. ஹீலியோஸின் வாய் 49 என்பதால் அதற்கு முன்பக்கக் கவலை தீர்ந்தது.

135 மி.மீ. லென்ஸுக்கு முன்விளிம்பு நசுங்கியிருந்தது. எப்போதோ யாரோ கீழே போட்டிருக்கிறார்கள். மரை கோணலாகிவிட்டதால் கிள்ளு மூடி ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் எழும்பி நிற்கிறது. வெளிச்சுவரைக் கவ்வும் மூடிதான் வழி என்று அளந்தேன்: 61.4 மி.மீ. இந்த இடத்தில் பிளம்பிங் கடை கைகொடுத்தது. நம் ஊரில் விற்கும் ஐஎஸ்ஐ முத்திரை பிவிசி தண்ணீர்க் குழாய்களின் அளவு என்பது அவற்றின் வெளிவிட்டம்: 20, 25, 32, 40, 50, 63, 75, 90, 110. குழாயின் நுனியை அடைக்கும் எண்ட் கேப்பின் உள்விட்டமும் அதே எண்ணை ஒட்டியே இருக்கும். 63 எண்ட் கேப்புக்குள் என் லென்ஸை விட்டால் சுற்றிலும் முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இடைவெளி. கைவினைப் பொருள் கடையில் விற்கும் 1 மி.மீ. ஈவிஏ ஃபோம் தாளை உள்சுவரில் ஒட்டியதும் இடைவெளி நிறைந்து, லேசான அழுத்தத்தோடு உட்கார்ந்தது.

அந்த மூடியில் இரண்டு வேலைகள் பாக்கி இருந்தன. குழாய் இறுகி நிற்பதற்காக எண்ட் கேப்பின் உள்சுவர் அடிப்பக்கம் போகப் போகக் குறுகும், ஆகவே அடிப்பக்கத்து ஃபோமை உப்புத்தாளால் தேய்த்து மெலிதாக்க வேண்டும். ஆழமும் தேவைக்கு மேல். ஹேக்ஸா பிளேடால் பாதியை அறுத்துத் தள்ளி, விளிம்பை அரத்தால் சீராக்கி, கறுப்பு ஸ்பிரே அடித்தேன். பார்ப்பதற்கு அழகு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பையைத் தலைகீழாகக் குலுக்கினாலும் கழல்வதில்லை.

ஹீலியோஸின் பின்மூடிதான் இந்த முயற்சியில் எனக்குப் பிடித்த பகுதி. இந்த லென்ஸ் எம்42 திருகு மரையில் கேமராவோடு சேர்கிறது: 42 மி.மீ. விட்டம், 1 மி.மீ. இடைவெளி. தொலைநோக்கிக் காரர்கள் பயன்படுத்தும் டி2 மரையும் அதே 42 மி.மீ.தான், ஆனால் இடைவெளி 0.75. ஒன்றின் மூடியை மற்றதில் திருகினால் ஒரு சுற்று அழகாக ஏறும், பிறகு கடிக்கும், பிறகு இரண்டும் கெடும். விட்டத்தை மட்டும் பார்த்து வாங்குவதில் இருக்கும் ஆபத்து இது.

எம்42 பின்மூடி பிளாஸ்டிக்கில் விலைக்குக் கிடைக்கிறதே, ஏன் கடைய வேண்டும் என்றால், ஆசைதான் காரணம். அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு சிறிய லேத் பட்டறை. லென்ஸைப் பார்த்ததும் பட்டறைக்கார அண்ணன் மரை இடைவெளியை அளக்கும் பிட்ச் கேஜை எடுத்து மரையில் வைத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். “ஒன்று பிட்ச். சுலபம். என்ன பொருளில் வேண்டும்?” நைலான் என்றேன். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். நைலான் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்து ஊதும். இன்று சரியாகச் சுற்றும் மரை ஐப்பசி மழையில் இறுகிக்கொள்ளும் என்றார். டெல்ரின் என்று சொல்லப்படும் அசெட்டால் பிளாஸ்டிக் அப்படி ஈரம் குடிப்பதில்லை, லேத்தில் வெண்ணெய் போல் வெட்டுப்படுகிறது. எங்கோ கியர் செய்தது போக மிச்சமான கறுப்பு டெல்ரின் துண்டு ஒன்று அவரிடம் கிடந்தது.

உள்மரை வெட்டுவதற்கு முன் இரண்டு விஷயங்களைக் கேட்டுக்கொண்டேன். ஒன்று, ஆழம். லென்ஸை முடிவிலிக்குத் திருப்பும்போது பின்கண்ணாடி எவ்வளவு வெளியே வருகிறது என்று அளந்து, அதற்கு மேலும் 3 மி.மீ. விட வேண்டும். ஹீலியோஸ் 44-2 ஒளி புகும் துளையைக் கையால் அமைக்கும் பழைய முறை லென்ஸ், துளையைத் தானாகச் சுருக்க கேமரா அழுத்தும் ஊசி அதில் இல்லை. அந்த ஊசி உள்ள எம்42 லென்ஸ்களுக்கு ஊசியும் மூடியில் இடிக்காதபடி இடம் வேண்டும். இரண்டாவது, மரையின் தளர்வு. லென்ஸ் மூடியின் மரை போல்ட்டும் நட்டும் மாதிரி இறுக வேண்டியதில்லை, இரண்டு விரலால் சுழல வேண்டும். அண்ணன் வெட்டி முடித்து, வெளிப்பக்கம் விரல் பிடிக்க நர்லிங் எனும் சொரசொரப்பு வரிகள் போட்டு, லென்ஸில் தானே திருகிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். “இவ்வளவு சின்னச் சாமானுக்கு இவ்வளவு தூரம் வந்தீர்களே சார்” என்று சிரித்தார். லென்ஸைத் திருப்பித் தர அவருக்கு மனமில்லை. குவிய வளையத்தை இங்குமங்கும் உருட்டி, உள்ளே பல இழைகள் சேர்ந்து ஓடும் பல்மரையைப் பார்க்க முடியுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

இண்டஸ்டார்-50 சின்ன லென்ஸ். அதன் மூடி வெளிச்சுவரில் செருகுவது, 36 மி.மீ. இதை முப்பரிமாண அச்சில் செய்தேன். வரைவது மிக எளிது: ஒரு வட்டத் தகடு, அதன்மேல் ஒரு வளையம். கடினமானது பொருத்தம். உருக்கிய இழையை அடுக்கி அச்சிடும்போது உள்விட்டம் வரைபடத்தில் இருப்பதைவிடச் சற்றுக் குறுகிப்போகும், எவ்வளவு என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். ஆகவே முழு மூடியை அச்சிடாமல், 4 மி.மீ. உயரமுள்ள வெறும் வளையங்களை 36.2, 36.4, 36.6 என்ற உள்விட்டங்களில் ஒரே தட்டில் அச்சிடச் சொன்னேன். 36.4 தான் கையில் சரியாக வந்தது.

பொருள் விஷயத்தில் அச்சுப் பட்டறைக்காரர்கள் பிஎல்ஏ எனும் பிளாஸ்டிக் இழையில் தொடங்குவார்கள். மலிவு, அச்சிடவும் எளிது. ஆனால் அது 60 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள், டாஷ்போர்டின் மேல் அந்தச் சூடு சர்வசாதாரணம். பிஇடிஜி எனும் இன்னொரு இழை கிட்டத்தட்ட 80 வரை தாங்கும், நான் அதையே கேட்டு வாங்கினேன். சுவரில் ஆறு வெட்டுகள் விட்டு, விரல்கள் போல விரிந்து கவ்வும்படி செய்தால் பிடிப்பு நன்றாக இருக்கும் என்று வரைந்தேன். அந்த விரல்களின் அடியில் வளைவான தடிப்பு கொடுக்க வேண்டியது முக்கியம். அச்சின் அடுக்குகள் தகட்டுக்கு இணையாகப் படிவதால், விரல் வளையும்போது அடியில்தான் அடுக்கு பிரியும். கூர்மையான மூலையாக விட்டால் சில நாளில் ஒவ்வொரு விரலாகக் கையோடு வரும்.

மூடியின் உள் விரிப்பு பற்றி எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. பழைய உலோக மூடிகளின் உள்ளே கம்பளி ஃபெல்ட் ஒட்டியிருப்பார்கள். ஐரோப்பிய ஊர்களுக்கு அது சரி. காலையில் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டுவது வழக்கமாகிவிட்ட சென்னையில், ஃபெல்ட் ஈரத்தையும் தூசியையும் சேர்த்து வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் காத்திருக்கும். பூஞ்சைக்கு அதைவிட வசதி வேறென்ன வேண்டும்? அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிட்டால் எந்தத் துடைப்பும் அதைத் திருப்பித் தராது. அதனால் என் மூடிகளில் ஃபெல்ட் கிடையாது, காற்றுப் புகாத இறுக்கமும் கிடையாது. இண்டஸ்டார் மூடியின் ஆறு வெட்டுகள் வழியாகக் காற்று போய் வருவதை நான் குறையாக நினைக்கவில்லை. லென்ஸ்கள் இருக்கும் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு ஈரப்பதத்தை 40 முதல் 50-க்குள் வைக்கிறேன், மூடியின் வேலை அதற்குப் பிறகுதான்.

பசையும் அப்படித்தான். சயனோஅக்ரிலேட் எனும் உடனடிப் பசையின் ஆவி கண்ணாடியில் வெண்படலமாகப் படியும். ஃபோம் ஒட்டிய மூடியைச் சில நாள் ஜன்னலோரம் திறந்து வைத்து, வாசனை முழுதும் போன பிறகே லென்ஸில் மாட்டினேன்.

செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்கு வேறொரு வழியும் உண்டு: 49-லிருந்து 52-க்கு ஏற்றும் ஸ்டெப்-அப் வளையத்தை லென்ஸில் நிரந்தரமாக விட்டுவிடுவது. 49, 52 வாயுள்ள லென்ஸ்கள் எல்லாவற்றுக்கும் 52 அளவு மூடியே போதும். லென்ஸோடு வந்த ஹூட் அதன்பின் சேராது என்பதால் நான் செய்யவில்லை.

மீதமிருப்பது யாஷிகா-மேட். இது மூன்றாவது வகை, ரோலை கேமராக்கள் வழக்கப்படுத்திய பே 1 பயோனெட். மேலே பார்க்கும் கண், கீழே படம் பிடிக்கும் கண். தனித்தனியாக இரண்டு மூடிகள் செய்வது எளிது, ஆனால் கூடாது. மேல் மூடியை மட்டும் எடுத்துவிட்டு, கீழ் மூடியை மறந்து பிலிம் முழுவதையும் வீணாக்கிவிட நேரும். பார்வைத் திரையில் எல்லாம் சரியாகவே தெரியும். இரண்டு கண்ணையும் ஒரே துண்டு மூடினால் அந்தப் பேச்சே இல்லை, திரை இருட்டாக இருந்தால் மூடி இருக்கிறது என்று அர்த்தம்.

பயோனெட் காதுகளை அச்சில் செய்ய முயலாமல், இரண்டு வளையங்களையும் வெளியிலிருந்து கவ்வும் எட்டு வடிவ மூடியாக வரைந்திருக்கிறேன். இதற்கு வளையும் டிபியு இழைதான் சரி. இழுத்தால் நீளும் பொருள் என்பதால் இங்கே உள்விட்டத்தைக் கூட்டாமல் 0.3 மி.மீ. குறைத்துப் போட்டிருக்கிறேன். இரண்டு கண்களுக்கும் நடுவே உள்ள தூரத்தை நேராக அளக்க முடியாது. வளையங்களின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரத்துக்கு ஒரு முறை, உள் ஓரத்திலிருந்து உள் ஓரத்துக்கு ஒரு முறை அளந்து, இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினேன். அச்சுப் பட்டறையில் இப்போது சிவப்பு டிபியு மட்டும் இருக்கிறது. கறுப்புச் சுருள் அடுத்த வாரம் வரும் என்கிறார்கள். சோதனை வளையங்களைச் சிவப்பிலேயே அச்சிட்டுப் பார்த்துவிடலாம் என்று கோப்பை அனுப்பிவிட்டேன்.