யானைக்கு மேலே ஒரு ஸ்பிட்ஃபயர்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் மழை விடட்டும் என்று காத்திருந்தால் வீட்டிலேயே கிடக்க வேண்டியதுதான். தம்பி வீட்டுக்குப் போன மூன்றாம் நாள் குடையை எடுத்துக்கொண்டு, தம்பி மகனையும் கூட்டிக்கொண்டு சுரங்க ரயில் ஏறினேன். கெல்வின்ஹால் நிலையத்தில் இறங்கினால் கெல்வின்குரோவ் அருங்காட்சியகம் நடக்கும் தூரம். 1901-இல் திறந்த சிவப்புக் கல் மாளிகை. நுழைவுக் கட்டணம் கிடையாது. மேற்குக் கூடத்துக்குள் நுழைந்ததும் இருவரும் நின்றுவிட்டோம். நான் மேலே பார்த்தேன், அவன் நேரே பார்த்தான்.

நேரே, பாடம் செய்து நிறுத்திய ஒரு யானை. பெயர் சர் ரோஜர். காட்சி விலங்காக இருந்த ஆசிய யானை. மதம் பிடித்ததால் 1900-இல் சுட்டுவிட்டார்கள்.

"கட்டிப்போட்டிருக்கலாமே, பெரியப்பா?"

கட்டத் தெரிந்த பாகன் அந்த ஊரில் ஏது?

யானையின் தலைக்கு மேலே, கம்பிகளில் தொங்குகிறது ஒரு ஸ்பிட்ஃபயர், இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பிரிட்டிஷ் போர்விமானம். எல்ஏ 198 என்பது அதன் எண். மாடி வராந்தாவுக்கு ஏறிப் போனால் அதை எட்டிப் பார்க்கலாம். அங்கே நின்று சுழலியின் தகடுகளை எண்ணினோம்: ஐந்து. போருக்குப் பின் இதை ஓட்டியவர்கள் இந்த ஊர்க்காரர்கள், 602-ஆம் கிளாஸ்கோ நகர் படைப்பிரிவினர்.

துணை விமானப்படை என்ற பெயரில் பிரிட்டன் தொடங்கிய பகுதிநேரப் படையில் முதலில் உருவான பிரிவு இதுதான். 1925 செப்டம்பர் 12-இல் பிறந்தது. வாரம் முழுவதும் அவரவர் வேலை, சனி ஞாயிறு விமானம், கோடையில் முகாம். வார இறுதி விமானிகள் என்று முழுநேரக்காரர்கள் இளக்காரமாகச் சொன்னார்கள். ஆனால் 1933 ஏப்ரல் 3-இல் பூர்ணியாவிலிருந்து புறப்பட்டு எவரெஸ்ட் சிகரத்தின் மேல் முதன்முதலாகப் பறந்த இரண்டு விமானங்களையும் ஓட்டியவர்கள் இந்தப் பிரிவுக்காரர்களே. ஒருவர் அதன் தளபதி கிளைட்ஸ்டேல் பிரபு. அப்போது நாடாளுமன்ற உறுப்பினரும்கூட. மற்றவர் டேவிட் மெக்கின்டயர். பீகாரின் ஏப்ரல் வெயிலில் நின்று கம்பளி உடுப்பை மாட்டிக்கொண்டு ஏறியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கே வியர்க்கிறது.

போர் வருவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1939 மே மாதத்தில், துணைப்படைகளிலேயே முதலாவதாக இவர்கள் கைக்கு ஸ்பிட்ஃபயர் வந்தது. அக்டோபர் 16-இல் எடின்பரோ அருகே ஃபோர்த் கழிமுகத்தில் நின்ற போர்க்கப்பல்களைத் தாக்க ஜெர்மன் விமானங்கள் வந்தன. எதிர்த்தவை இரண்டு பகுதிநேரப் பிரிவுகள்: இந்த 602-உம், எடின்பரோவின் 603-உம். முதல் விமானத்தை வீழ்த்திய 603-இன் பாட்ரிக் கிஃபோர்ட் ஒரு வக்கீல். அடுத்ததைக் கடலில் விழவைத்த 602-இன் ஜார்ஜ் பிங்கர்ட்டன் ஒரு விவசாயி. பன்னிரண்டு நாள் கழித்து ஸ்காட்லாந்தின் ஹம்பி கிராமத்தருகே ஒரு ஹைன்கெல், ஜெர்மன் குண்டுவீச்சு விமானம், தரையில் விழுந்தது. அதைச் சுட்டவர்களில் ஒருவரான ஆர்ச்சி மெக்கெல்லர், சுவருக்குப் பூச்சு வேலை செய்யப் பழகியவர். குள்ளமான மனிதர். வேறு பிரிவுக்கு மாறிப்போய், 1940 நவம்பர் 1-இல் வானிலேயே இறந்தார். அவர் பெயரை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. வராந்தாவில் அவரைத்தான் அதிக நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

602 பிரிவு 1940 ஆகஸ்டில் தெற்கு இங்கிலாந்தின் வெஸ்ட்ஹாம்ப்னெட் தளத்துக்குப் போய் பிரிட்டன் வான்போர் முடியும்வரை நின்றது. போருக்குப் பின் துணை விமானப்படையின் பெயரோடு 'ராயல்' என்ற பட்டம் சேர்ந்தது. ஜெட் விமானங்களும் வந்தன. 1957-இல் பறக்கும் துணைப்பிரிவுகள் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கலைத்துவிட்டார்கள். ஜெட் யுகத்தில் சனி ஞாயிறு பயிற்சி போதாது, செலவும் மிகுதி. 2006-இல் 602 மறுபடி உயிர்பெற்றது, இம்முறை விமானம் இல்லாமல். முழுநேரப் படைக்குத் தோள்கொடுக்கும் தரைப்பணிகளே அதற்கு. எனக்கு இது கொஞ்சம் சப்பென்றுதான் இருந்தது.

ஊர் திரும்பும் நாளில் தம்பி குடும்பம் வழியனுப்ப வந்தது. கிளாஸ்கோ விமான நிலையம் இருக்கும் இடம்தான் அந்தக் காலத்து அபட்சிஞ்ச் தளம்; 602 அங்கிருந்தும் பறந்திருக்கிறது. பையனிடம் சொன்னேன்.

"அந்த விமானம் இங்கேதான் இறங்கியதா?"

"இங்கேதான்."

கண்ணாடிக்கு வெளியே ஓடுபாதையை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அப்படியானால் யானை எங்கே இறங்கியது, பெரியப்பா?"