கன்னத்தோரம் சில சொட்டுகள்

அக்கா குழந்தைக்கு இன்று ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து. செவிலியர் கன்னத்தின் உட்புறமாக, அவன் விழுங்க விழுங்க மெதுவாக விட்டார். உதட்டோரம் வழிந்ததை நாக்கால் துழாவிவிட்டு, இன்னும் கேட்பதுபோல அவரையே பார்த்தான்!

வயிற்றுப்போக்கில் உடம்பின் நீரெல்லாம் வற்றிக் குழந்தைகள் இறந்துபோவதற்கு இந்த வைரஸ் ஒரு முக்கியக் காரணம்.

புதிய தடுப்பு மருந்து ஏழை நாடுகளுக்குப் போய்ச்சேர பல வருடங்கள் ஆகும் என்பதுதான் வழக்கம். இதில் அப்படி நடக்கவில்லை. அமெரிக்காவில் அனுமதி கிடைத்த அதே 2006இல், மெர்க் மருந்து நிறுவனத்தின் நன்கொடையாக, மத்திய அமெரிக்காவின் ஏழை நாடான நிகராகுவாவின் குழந்தைகளுக்கும் கிடைத்தது. அப்புறம், ஏழை நாடுகள் தடுப்பு மருந்து வாங்கக் கைகொடுக்கும் காவி (Gavi) என்ற சர்வதேசக் கூட்டணியின் உதவியோடு 2011இல் சூடானில் தொடங்கி ஆப்பிரிக்காவின் பெரும்பாலான நாடுகளுக்குப் பரவியது.

எனக்கு ரொம்பப் பிடித்தது ரோட்டாவாக் என்ற நம் இந்தியச் சொட்டு மருந்து வந்த விதம். டெல்லி எய்ம்ஸில் பிறந்த ஒரு குழந்தையிடம், நோய் எதுவும் உண்டாக்காமல் இருந்த வைரஸிலிருந்து, இந்திய அரசு, அமெரிக்க ஆய்வாளர்கள், பாத் (PATH) என்ற சர்வதேச சுகாதாரத் தொண்டு அமைப்பு, மருந்து தயாரிக்கும் பாரத் பயோடெக் எல்லோரும் பல வருடம் சேர்ந்து உழைத்து உருவாக்கிய மருந்து அது. 2016இல் நம் அரசின் தடுப்பூசித் திட்டத்திலும் சேர்ந்தது.

காவி உதவி முடிந்து சொந்தக் காசில் வாங்கவேண்டிய நாடுகளை நினைத்தால்தான் கவலை. அங்கே விலை இன்னும் இறங்கியே ஆகவேண்டும்.