ஜெர்சித் தீவில் துப்பாக்கி உரிமம் எடுத்த அனுபவம்

ஜெர்சி என்றதும் நம்மவர்கள் அமெரிக்காவுக்குப் போய்விடுவார்கள். நான் சொல்வது ஆங்கிலக் கால்வாயில், பிரான்ஸ் கரையை ஒட்டிக் கிடக்கும் 118 சதுர கிலோமீட்டர் தீவை. 2021 கணக்கெடுப்பின்படி சுமார் 1,03,000 பேர். மன்னர் பிரிட்டிஷ் மன்னர்தான், ஆனால் தீவு பிரிட்டனின் பகுதி இல்லை. சட்டமன்றமும் சட்டமும் தனி.

அந்தத் தனிச் சட்டம்தான் இங்கே துப்பாக்கி சுடுகிறவர்களுக்கு முக்கியம். ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் 1996இல் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்தில் கைத்துப்பாக்கி வைத்திருப்பதை 1997இல் தடை செய்துவிட்டார்கள். அந்தத் தடை ஜெர்சிக்கு வரவில்லை. இங்கே பிஸ்டல் சுடுவது இன்றும் சாதாரணமான கிளப் விளையாட்டு. இதைச் சொன்னால் லண்டன் நண்பர்களே நம்ப மறுக்கிறார்கள்.

நான் கணக்கு வேலைக்காக வந்தவன். இங்கே டிசம்பரில் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். ஆபீஸ் விட்டால் வீடு, வீடு விட்டால் ஆபீஸ் என்று போய்க்கொண்டிருந்தபோது ஒரு சக ஊழியர், “சாயந்திரம் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு வருகிறாயா?” என்றார். போனேன்.

கிளப்பில் கொடுத்தது .22 ரைஃபிள். தரையில் பாய் விரித்து, கேன்வாஸ் ஜாக்கெட் மாட்டி, குப்புறப் படுக்கவைத்தார்கள். இடது கையைத் தோல் பட்டையில் கோத்து இறுக்கியதும் துப்பாக்கியின் எடையைக் கை தாங்கவில்லை, எலும்பும் பட்டையும் தாங்கின. 25 கெஜத்தில் ஓர் அட்டை, அதில் பத்துக் கறுப்பு வட்டங்கள். பின்பக்கத்துச் சின்னத் துளை வழியாகப் பார்த்தால் முன் வளையத்துக்குள் கறுப்பு வட்டம் உட்கார வேண்டும். உட்கார்ந்தது, ஆனால் நிற்கவில்லை. விட்டுவிட்டு லேசாகக் குதித்தது. பட்டை இறுக்கியிருந்த இடத்தில் துடித்த என் நாடிதான் அது என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, இரண்டு துடிப்புக்கு நடுவில் விரலை அழுத்தச் சொன்னார். அவ்வளவுதான், நான் மாட்டிக்கொண்டேன்.

சத்தம், வீரம் எதுவும் இதில் கிடையாது. ரேஞ்ச் அதிகாரி சொல்லாமல் யாரும் தோட்டா போடக்கூடாது. சுட்டு முடித்ததும் துப்பாக்கியின் போல்ட்டை, அதாவது தோட்டா போடும் இடத்தை மூடும் தண்டை, திறந்து வைக்க வேண்டும். தோட்டா இருக்கும் இடம் காலியா என்று இன்னொருவர் பார்த்த பிறகுதான் எழுந்திருக்கலாம். பெரிய ரைஃபிள்களுக்கு வடக்குக் கரையில், செயின்ட் மேரி பாரிஷில் (பாரிஷ் என்பது தீவின் நிர்வாகப் பிரிவு), கிராபே என்ற இடத்தில் ரேஞ்ச் இருக்கிறது. காற்றைக் கணித்துச் சுடப் பழக வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும்.

நான் இந்தியன் என்று தெரிந்ததும் கிளப்பின் மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்ட முதல் கேள்வி, “கோலாப்பூர் உங்கள் ஊருக்குப் பக்கமா?” எனக்குச் செருப்புதான் ஞாபகம் வந்தது. அப்புறம்தான் விளக்கினார். இங்கிலாந்தின் பிஸ்லியில் வருடாவருடம் நடக்கும் பெரிய ரைஃபிள் போட்டிகளில் ஒன்று கோலாப்பூர் கோப்பை. கோலாப்பூர் ராஜா கொடுத்த கோப்பை, 1871இலிருந்து நடக்கிறது. நாடுகளோடு நாடாக இந்தத் தீவின் அணியும் அதில் சுடுகிறது. 1990இல் ஆக்லாந்து காமன்வெல்த் போட்டியில் காலின் மாலெட் ரைஃபிளில் வாங்கியதுதான் ஜெர்சிக்குக் கிடைத்த ஒரே காமன்வெல்த் தங்கம் என்பதையும் அவரே சொன்னார், ஏதோ போன வாரம் நடந்தது மாதிரி.

சரி, உரிமத்துக்கு வருகிறேன். நம் ஊரில் துப்பாக்கி உரிமம் கலெக்டர் விஷயம். இங்கே 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் தருவது நாம் குடியிருக்கும் பாரிஷின் தலைவர். தீவில் 12 பாரிஷ். ஒவ்வொன்றுக்கும் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஒரு கான்ஸ்டபிள். அவர் போலீஸ்காரர் இல்லை, நம் பஞ்சாயத்துத் தலைவர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டமன்றத்திலும் உட்காருகிறார். அவருக்குக் கீழே சம்பளமில்லாத கௌரவப் போலீஸ் படை ஒன்றும் உண்டு. சம்பளப் போலீஸ் பின்னணியைச் சரிபார்த்துச் சொல்லும், முடிவு பாரிஷில்.

விண்ணப்பப் படிவத்தில் பெரிய சிக்கல் இல்லை. எதற்குத் துப்பாக்கி என்பதற்குத் தகுந்த காரணம் வேண்டும். கிளப் உறுப்பினர், தவறாமல் சுட வருகிறவர் என்றால் அது போதும். தற்காப்பு என்றெல்லாம் எழுதினால் அந்த நிமிடமே கதை முடிந்தது. உடல்நிலை, மனநிலை பற்றிக் கேள்விகள், புகைப்படம், எல்லாம் எதிர்பார்த்தவைதான்.

வந்தேறிக்குக் கஷ்டம் வேறு இடத்தில். உன்னைத் தெரிந்தவர்கள் யார்? இந்தத் தீவில் பிறந்தவனுக்குப் பள்ளிக்கூடத்து வாத்தியார், பக்கத்துப் பண்ணைக்காரர், தேவாலயத்தில் தினம் பார்ப்பவர் என்று சாட்சி சொல்ல ஆள் நிறைய. எனக்கு யார்? மேலாளருக்கு என் எக்செல் தெரியும், என்னைத் தெரியாது. நான் படிவத்தை மேசையிலேயே வைத்துவிட்டு, கிளப்புக்கு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தேன். அட்டை மாட்டினேன், ரேஞ்சைப் பெருக்கினேன், டீ போட்டேன். கோலாப்பூர் கேட்ட பெரியவர் ஒருநாள் தானாகவே, “உன் படிவத்துக்கு என் பெயரைப் போட்டுக்கொள்” என்றார். என்னைக் கேட்டால், இந்த நடைமுறையில் உருப்படியான சோதனை இதுதான். போலீஸ் கம்ப்யூட்டரில் இல்லாத கோபக்காரனை, வாராவாரம் பக்கத்தில் படுத்துச் சுடுகிறவன் கண்டுபிடித்துவிடுவான்.

வீட்டில் வேறு பஞ்சாயத்து. “என்னங்க, பிள்ளை இருக்கிற வீட்டுல துப்பாக்கியா?” என்றாள் மனைவி. நியாயமான கேள்வி. அம்மா போனில், “உங்க பெரியப்பாவே தேர்தல் வந்தா தன் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஸ்டேஷன்ல கொடுத்துட்டு நிப்பாரு, உனக்கு எதுக்குடா இந்தத் தலைவலி?” என்றார். எஃகு அலமாரி, சுவரோடு போல்ட், சாவி என்னிடம் மட்டும், தோட்டா தனிப் பூட்டில் என்று சொல்லித்தான் மனைவியைச் சம்மதிக்க வைத்தேன்.

சொல்வது சுலபம். நாங்கள் இருப்பது பழைய கிரானைட் வீட்டின் கீழ்த்தளம், அதுவும் வாடகைக்கு. வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்கினேன். டிரில் பிட் கிரானைட்டில் பட்டதும் கீச்சென்று கத்தியதே தவிர உள்ளே இறங்கவில்லை. கடைசியில் ஒரு கொத்தனார் வந்து, கற்களுக்கு நடுவில் சுண்ணாம்புச் சாந்து இருக்கும் இடத்தில் ஓட்டை போட்டால் போல்ட் ஒருநாள் கையோடு வந்துவிடும் என்று சொல்லி, கல்லிலேயே பொறுமையாகத் துளைத்துக் கொடுத்தார். ரைஃபிளை விட அலமாரி மாட்டியதற்குத்தான் அதிகம் அலைந்தேன்.

உரிமத்துக்காக வீட்டைப் பார்க்க வந்தவர் அலமாரியைப் பிடித்து ஆட்டினார். சாவி எங்கே இருக்கும், மனைவிக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். “தெரியாமலே இருக்கட்டும்” என்றார். மனைவியிடமும் தனியாகப் பேசினார். என்ன பேசினார் என்று அவள் இன்றுவரை முழுசாகச் சொல்லவில்லை.

சான்றிதழ் பாரிஷ் ஹாலில் கைக்கு வந்தது. அது பொதுவான அனுமதி இல்லை. எந்த வகைத் துப்பாக்கி, என்ன அளவு, எத்தனை தோட்டா வரை வைத்திருக்கலாம் என்று எல்லாம் எழுதியிருக்கும். இன்னொன்று வாங்க நினைத்தால் மறுபடி பாரிஷ் ஹால்தான். நான் கிளப்பில் ஒருவர் விற்ற பழைய ஆன்ஷூட்ஸ் ரைஃபிளை எடுத்துக்கொண்டேன். என் தோளுக்கு ஏற்ற மாதிரி துப்பாக்கியின் பின்கட்டை நீளத்தைச் சரிசெய்ததில் குண்டுகள் ஒரே இடத்தில் விழ ஆரம்பித்திருக்கின்றன.

இங்கே புதிதாக வருகிறவர்கள் கேட்டால் நான் சொல்வது, முதல் ஒரு வருடம் கிளப் ரைஃபிளே போதும். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் படிவம் வாங்குங்கள். கிரானைட் சுவர் என்றால் கொத்தனாருக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள், நல்ல ஆட்கள் கோடையில் கிடைக்க மாட்டார்கள்.