தலை குனிந்திருக்கும் அந்த நேரம்: ஸ்குவாட் லீடராகப் பழகிய அனுபவம்

டாக்டிகல் ஷூட்டர் (குழுவாகத் திட்டமிட்டுச் சுடும் கணினி) விளையாட்டுகளில் குறி பார்த்துச் சுடுவது ஓரளவு கைக்கு வந்துவிட்டது. அடுத்து ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு அதை மட்டும் பழகலாம் என்று முடிவு செய்தேன். ஒரு குழு விடாமல் சுட்டு எதிரியின் தலையைக் குனிய வைக்க, இன்னொரு குழு பக்கவாட்டில் சுற்றிப் போய் மடக்க வேண்டும். காலாட்படைப் பயிற்சியின் அரிச்சுவடி இது. யாரிடம் கேட்டாலும் தெரியும் என்பார்கள். ஆனால் முகம் தெரியாத எட்டுப் பேரை வைத்துக்கொண்டு, ஹெட்செட்டில் பேசியே இதை நடத்திக் காட்டுவது வேறு வேலை. அதற்காக மூன்று விளையாட்டுகளை வரிசையாக எடுத்துக்கொண்டேன்: பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ், ஆர்மா 3, ஸ்குவாட்.

முதலாவது 2005-ல் கியர்பாக்ஸ் உருவாக்கிய பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்: ரோட் டு ஹில் 30. களம் 1944 ஜூன், நார்மண்டி. அமெரிக்காவின் 101-வது வான்வழி டிவிஷன் வீரர்களோடு நடக்கிறோம். கிராஃபிக்ஸுக்கு வயதாகிவிட்டது, ஆனால் நான் தேடிய பாடத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்லித் தரும் விளையாட்டை இன்னும் பார்க்கவில்லை. எதிரிகளின் தலைக்கு மேல் ஒரு சிவப்பு வட்டம் இருக்கும். நம் ஃபயர் டீம் (சுட்டுக்கொண்டே இருக்கும் குழு) சுடச் சுட அது சாம்பல் நிறமாக மாறும். முழுக்கச் சாம்பல் ஆகிவிட்டால் அவர்கள் தலை தூக்கிக் குறி பார்க்க மாட்டார்கள். சுடுவதை நிறுத்தினால் சிவப்பு மெல்லத் திரும்பி வரும். கவர் ஃபயர் (எதிரியைக் குனிய வைக்கச் சுடுவது) என்றால் சத்தமாகச் சுடுவது என்றுதான் அதுவரை மனதில் ஒரு படம் இருந்தது. அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டே ஆடியதில் அது வேறாக மாறியது. கவர் ஃபயர் என்பது விலை கொடுத்து வாங்கும் நேரம். தோட்டா தீர்ந்தால் நேரமும் தீரும். அசால்ட் டீம் (சுற்றிப் போய் மடக்கும் குழு) எப்போது கிளம்ப வேண்டும், எவ்வளவு தூரம் போகலாம் என்பதெல்லாம் அந்த நேரத்துக்குள் அடங்க வேண்டும்.

இந்த விளையாட்டில் நம் துப்பாக்கி வேண்டுமென்றே குறி நிலைக்காமல் அசையும்படி செய்யப்பட்டிருக்கிறது. பலருக்கு இது பிடிக்காது. எனக்கு இது சரியான முடிவாகத் தெரிகிறது. தனியாளாகச் சுட்டுத் தீர்க்க முடியாது என்று ஆனபிறகுதான் மூன்று பேரை ஒரு வேலிக்குப் பின்னால் படுக்க வைப்பதன் மதிப்பு கண்ணுக்குத் தெரிகிறது.

அடுத்தது 2013-ல் போஹீமியா இன்டராக்டிவ் வெளியிட்ட ஆர்மா 3. இங்கே தலைக்கு மேல் வட்டம் எதுவும் கிடையாது. ஆல்டிஸ் தீவு மட்டும் சுமார் 270 சதுர கிலோமீட்டர். எதிரி இருக்கும் இடமே தெரியாமல் தோட்டா வரும். எடிட்டரில் ஒரு சின்ன பண்ணை வீடு, அதற்குள் ஐந்தாறு எதிரிகள், என்னிடம் ஏஐ (கணினியே இயக்கும்) வீரர்கள் என்று ஒரு காட்சியை அமைத்து, அதையே திரும்பத் திரும்ப ஆடினேன். வீரர்களை எஃப் வரிசை விசைகளால் தேர்ந்தெடுத்து, 9-ம் எண் மெனுவில் சிவப்பு அணி, நீல அணி என்று பிரித்துவிடலாம். மெஷின்கன்னரும் அவருக்குத் துணையாக ஒருவரும் சிவப்பு, மீதிப் பேர் நீலம். சிவப்பு படுத்துக்கொள்ளும், நீலம் என்னோடு வரும்.

ஆர்மா எனக்குக் கொடுத்த பெரிய பரிசு காது. துப்பாக்கித் தோட்டா ஒலியைவிட வேகமாக வருவதால், முதலில் தலைக்குப் பக்கத்தில் ‘டிக்’ என்று ஒரு வெடிப்பு கேட்கும். அதற்குப் பிறகுதான் சுட்ட இடத்திலிருந்து ‘டொம்’ வந்து சேரும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் நகரும். ஆகவே 300 மீட்டர் தூரத்தில் ஒருவர் சுட்டால் இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய அரை நொடி இடைவெளி விழுகிறது. இடைவெளி நீள நீள தூரமும் கூடும். திசையைச் சொல்வது இரண்டாவது சத்தம்தான். முதல் சத்தத்தைக் கேட்டுத் திரும்பினால் தவறான பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். கண்ணை மூடிக்கொண்டு இந்த இரண்டையும் பிரித்துக் கேட்கப் பழகினேன். அதன் பிறகு மேப்பைத் திறக்காமலேயே ‘வடமேற்கு, முந்நூறு’ என்று சொல்ல முடிந்தது.

கோணத்தையும் இங்கேதான் பிடித்தேன். சுடும் குழுவும் நகரும் குழுவும் எதிரியைப் பார்க்கும் கோணம் 90 டிகிரிக்கு அருகில் இருந்தால் எல்லாமே சுலபம். எதிரி ஒரு பக்கச் சுவரை மறைவாக வைத்துக்கொண்டால் இன்னொரு பக்கம் திறந்து கிடக்கும். கோணம் குறுகக் குறுக, நம் ஆட்களே நம் தோட்டாவின் பாதைக்குள் நுழைகிறார்கள். கோணம் மிக அகலமாகி எதிரெதிரே வந்துவிட்டால் இரண்டு குழுவும் ஒன்றையொன்று சுடும் நிலை வரும். மேப்பில் எல் வடிவத்தை வரைந்து பார்த்துவிட்டுக் கிளம்புவது இப்போது பழக்கமாகிவிட்டது.

ஏஐ எவ்வளவு சொன்னாலும் ஏஐதான். மனிதர்களோடு ஆட ஸ்குவாடுக்கு வந்தேன். பேட்டில்ஃபீல்ட் 2 விளையாட்டுக்கு ரசிகர்கள் செய்த பிராஜெக்ட் ரியாலிட்டி என்ற மாற்று வடிவத்தின் (மாட்) வழியில் வந்தது இது. 2015 முதல் ஏர்லி ஆக்சஸில் (முழுமையாகும் முன்பே ஆடக் கிடைக்கும் நிலையில்) இருந்து, 2020-ல் முழுமையாக வெளியானது. பக்கத்துக்கு 50 பேர், ஒரு ஸ்குவாடில், அதாவது ஒரு லீடரின் கீழ் இயங்கும் குழுவில், அதிகபட்சம் 9 பேர். அருகில் இருப்பவர்களோடு பேச ஒரு விசை, ஸ்குவாடுக்குள் பேச ஒன்று, மற்ற ஸ்குவாட் லீடர்களோடு பேச இன்னொன்று. 2023 செப்டம்பரில் வந்த காலாட்படை அப்டேட் என் நோக்கத்துக்கு வசதியாக அமைந்தது. ஓடி வந்து நின்ற உடனே குறி நிலைக்காது. தோட்டாக்கள் பக்கத்தில் பறந்தால் பார்வை மங்கும். இதனால் ஆட்டத்தின் வேகம் போய்விட்டது என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு. கவர் ஃபயருக்கு உண்மையான மதிப்பு வந்ததே அதற்குப் பிறகுதான் என்பது என் கருத்து.

இங்கே முதலில் சரிசெய்ய வேண்டியிருந்தது பேச்சு. ‘அங்க இருக்கான், அந்த மரத்துக்கிட்ட’ என்றால் ஒன்பது பேரும் ஒன்பது மரத்தைப் பார்ப்பார்கள். வலது, இடது என்பதும் உதவாது, ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம் பார்த்து நிற்கிறார்கள். திரையின் அடியில் ஓடும் காம்பஸ் எண்தான் எல்லோருக்கும் பொது. அதனால் வரிசையைக் கட்டிக்கொண்டேன்: எண், தூரம், என்ன, எங்கே. ‘240, இருநூறு மீட்டர், ரெண்டு பேர், ரெண்டு மாடி வீட்டு மொட்டைமாடி.’ சொல்லி முடித்ததும் விசையிலிருந்து விரலை எடுத்துவிட வேண்டும். இதைச் செய்தவுடன் ஸ்குவாடில் மற்றவர்களும் அதே வரிசையில் சொல்லத் தொடங்கியது எனக்குக் கிடைத்த நல்ல அனுபவங்களில் ஒன்று.

அடுத்தது மெஷின்கன். எம்249-ன் பெட்டியில் 200 தோட்டா. நிமிடத்துக்குச் சுமார் 800 வேகத்தில் விசையை அழுத்திப் பிடித்தால் 15 நொடியில் பெட்டி காலி. பக்கவாட்டில் போகும் குழுவுக்கோ புதர், சுவர், வாய்க்கால் தாண்டி 200 மீட்டர் போக இரண்டு நிமிடமாவது பிடிக்கும். ஆகவே நான்கு தோட்டா, ஐந்து நொடி இடைவெளி, மறுபடி நான்கு தோட்டா. இப்படிப் போனால் நிமிடத்துக்கு 48. ஒரு பெட்டி நான்கு நிமிடம் தாங்கும். பக்கத்தில் இன்னொரு ரைஃபிள்காரர் அந்த இடைவெளிகளை நிரப்பினால் எதிரிக்கு இடைவெளி இருப்பதே தெரியாது. இந்தக் கணக்கைச் சொன்னபோது மெஷின்கன் எடுத்திருந்த ஒருவர், ‘ப்ரோ, நான் ஜன்னலை மட்டும் பாத்துக்கறேன், நீங்க போங்க’ என்றார். அந்தத் தாக்குதல் முழுக்க அவர் அந்த ஒரு ஜன்னலைத்தான் சுட்டார். யாரையும் வீழ்த்தவில்லை. ஸ்கோர்போர்டில் அவர் பெயர் கீழே கிடந்தது. நாங்கள் நால்வர் திறந்த வெளியைத் தாண்டி மதிலை அடைந்தது முழுக்க அவரால்தான். ஆட்டம் முடிந்ததும் ஸ்குவாட் சேனலில் எல்லோர் முன்னாலும் அதைச் சொல்லி நன்றி சொன்னேன். பிறகு வந்த ஆட்டங்களிலும் அவர் மெஷின்கன்னை விடவில்லை.

ஸ்மோக் (புகைக்குண்டு) விஷயத்தில் ஒரு சின்ன மாற்றம் பெரிய பலன் தந்தது. ஸ்மோக்கை நம்மைச் சுற்றிப் போட்டால் நாம் அதற்குள்ளிருந்து வெளியே வரும்போது எதிரி காத்திருப்பார். அதையே எதிரிக்கு நெருக்கமாகப் போட்டால் நாம் நகரும் தூரம் முழுவதும் மறைகிறது. புகை முழுதாகப் பரவ சில நொடி ஆகும். ‘ஸ்மோக் போட்டாச்சு’ என்பதும் ‘கிளம்பு’ என்பதும் தனித்தனிக் கட்டளைகளாக இருந்தே ஆக வேண்டும்.

அதிகம் பழக வேண்டியிருந்தது கடைசி முப்பது மீட்டர். நம் ஆட்கள் மதிலைத் தொடும் நேரத்தில் சுடும் குழு நிறுத்தவோ, வேறு பக்கம் திருப்பவோ வேண்டும். சொந்த ஆள் மேல் பட்டாலும் தோட்டா தோட்டாதான். சீக்கிரம் நிறுத்தினால் எதிரி தலை தூக்கிவிடுவார். ஸ்குவாடுக்குள் பிராவோ என்று ஒரு ஃபயர்டீமைப் பிரித்து, அதன் லீடரிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்துவிட்டேன். நான் அசால்ட் குழுவோடு போகிறேன். மதிலுக்கு வந்ததும் ‘பிராவோ, வலது பக்கம் மாத்து’ என்பது மட்டும்தான் என் வார்த்தை. ஜன்னலிலிருந்து கட்டடத்தின் வலது மூலைக்குத் தோட்டாக்கள் நகர்வது காதிலேயே கேட்கும். அந்த நொடியில் வாசலுக்குள் நுழைகிறோம். ஆர்மாவில் பழகிய காது இங்கே மறுபடி கைகொடுக்கிறது.

இப்போது பழகிக்கொண்டிருப்பது பின்வாங்கல். இதே முறையைத் திருப்பிப் போட வேண்டும். பாதிப் பேர் சுட, பாதிப் பேர் ஐம்பது மீட்டர் பின்னால் போய்ப் படுத்து, அவர்கள் சுடத் தொடங்கியதும் மற்றவர்கள் எழ வேண்டும். அடுத்த மறைவிடம் எது என்று எழுவதற்கு முன்பே ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மெஷின்கன்னரை முதல் பாதியோடு அனுப்புவதா, கடைசி வரை வைப்பதா என்பதில் எங்கள் குழுவுக்குள்ளேயே இரண்டு கட்சி. முதலில் அனுப்பி, பின்னாலிருந்து அவரைக் கொண்டு மூடுவது நல்லது என்று நான் நினைக்கிறேன். வரும் ஆட்டங்களில் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்து பார்க்கப் போகிறோம்.