மூன்று வயதிலேயே தனியார் பள்ளிக்குப் போய்விடும் பிள்ளைகள்

பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்காட்டை ஒட்டிய ஒரு சிற்றூரில், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியர் நான். ஈராசிரியர் பள்ளி. அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. எங்களிடம் அதில் பாதிப் பிள்ளைகள்கூட இல்லை.

"சரியாச் சொல்லித் தரமாட்டாங்க, அதான் புள்ளைங்க வர்றதில்ல" என்று வெளியில் பேசிக்கொள்வார்கள். சேர்க்கைக்காக வீடு வீடாக ஏறி இறங்கினால் வேறு காரணம் தெரிகிறது. சேர்க்கை நடக்கும் மாதங்களில்தான் முந்திரி சீசனும். பகலில் போனால் பாட்டிகள் மட்டும்தான் இருப்பார்கள், அதனால் பொழுது சாய்ந்து போவோம். கொட்டையின் பால் பட்டுத் தோல் உரிந்த விரல்களில் சாம்பல்கூடப் போகாத ஒரு அம்மா சொன்னார்: "உங்க பள்ளிக்கூடத்தக் கொற சொல்லல சார். மூணு வயசுப் புள்ளைய யார்கிட்ட விட்டுட்டு வேலைக்குப் போறது? எல்.கே.ஜி. வேன் வாசல்லயே ஏத்திக்குது. அங்க பழகிட்டத அப்புறம் எதுக்கு மாத்தணும்?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஐந்து வயதில் ஒன்றாம் வகுப்புக்கு நாங்கள் போய்க் கேட்கும்போது பிள்ளை போய் இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது. 2019-இல் அரசு எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியபோதும் நடுநிலைப் பள்ளி வளாக அங்கன்வாடிகளுக்குத்தான் கிடைத்தது. எங்களைப் போன்ற சின்னப் பள்ளிகளுக்கு இல்லை. தனியார் பள்ளியிலோ கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது.

தாய்மாரின் வேலை நேரத்துக்குத் தோதாக எது வந்தாலும் பலன் உடனே தெரியும். காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்தபின் எங்கள் பள்ளியில் தாமதமாக வருவது அநேகமாக நின்றுவிட்டது. விடியலில் கொட்டை உடைக்கப் போகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி!

படிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டம் வந்தபின் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று படிகளாகப் பிள்ளையின் நிலை பார்த்துச் சொல்லித் தருகிறோம். மூன்றாம் வகுப்பில் முதல் படியான அரும்பு நிலையிலேயே இருந்த ஒரு பையன், இப்போது பால் பாக்கெட்டில் இருப்பதை எழுத்துக்கூட்டி வாசிக்கிறான். ஆனால் எங்களில் ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால் அன்றைக்கு ஐந்து வகுப்பும் ஒரே அறையில்தான். பிள்ளைகள் குறைவதால் ஆசிரியர் குறைகிறார்கள், ஆசிரியர் குறைவதால் படிப்பு அடிபடுகிறது. தரம் பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

இப்போதெல்லாம் மூன்று வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டுக்குத்தான் முதலில் போகிறோம், அங்கன்வாடிப் பணியாளரையும் கூட்டிக்கொண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் எங்கள் வளாகத்திலேயே எல்.கே.ஜி. கேட்டுத் தீர்மானம் போடப் போகிறோம்.