உள்பக்கத்து ஒற்றைப் பத்திகள்

செய்தி நிறுவனத்தின் சமூக ஊடகப் பிரிவு என்றால் இணைப்பு போடுகிறவர்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நான் சேர்ந்தபோது எங்கள் வேலையும் அவ்வளவுதான். செய்தி வெளியாகும், தலைப்பையும் இணைப்பையும் ஃபேஸ்புக்கிலும் ட்விட்டரிலும் போடுவோம், அடுத்த செய்திக்குப் போய்விடுவோம். தலைப்புச் செய்திகளுக்கு இது போதும். அவற்றை யார் போட்டாலும் ஓடும். உள்பக்கத்தில் ஒற்றைப் பத்தியாகச் சுருங்கிப்போகும் செய்திகளோ போட்ட வேகத்திலேயே காணாமல் போகும்.

ஒரு நிகழ்வு எப்படிச் செய்தியாகிறது என்பதை 1965-இல் நார்வே ஆய்வாளர்கள் யோஹான் கால்டுங்கும் மாரி ரூகேயும் ஓர் ஆய்வுக் கட்டுரையில் வகைப்படுத்தினார்கள். திடீரென்று நடக்க வேண்டும், குழப்பமில்லாமல் புரிய வேண்டும், பெரிய நாடுகளோ பெரிய மனிதர்களோ சம்பந்தப்பட்டிருக்க வேண்டும், கெட்டதாக இருந்தால் இன்னும் வசதி. ஏறத்தாழ 60 ஆண்டுகளுக்குப் பிறகும் எங்கள் காலைக் கூட்டத்தில் இதே அளவுகோல்தான் பெயர் சொல்லாமல் நடமாடுகிறது. அதைத் திருப்பிப் போட்டால் கைவிடப்படும் செய்திகள் எவை என்று தெரிந்துவிடும்: மெதுவாக நடப்பவை, சிக்கலானவை, சாதாரண மனிதர்களுக்கு நடப்பவை. விபத்து நடந்த அன்று எல்லோரும் எழுதுவார்கள். அறிவித்த இழப்பீடு ஓராண்டு கழித்தும் போய்ச் சேரவில்லை என்று எழுத ஆள் கிடைக்காது. நான் பார்த்தவரை, கவனிக்கப்படாத செய்திகளில் பெரும்பகுதி பாதியில் விடப்பட்ட பழைய செய்திகளின் மிச்சம்.

அரசு அறிவிக்கைகள் இன்னொரு வகை. ஒரு திட்டத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டம் பற்றிய அறிவிக்கை ஒரு முறை கைக்கு வந்தது. கோணலாக ஸ்கேன் செய்த பிடிஎஃப். அதில் ஒரு சொல்லைத் தேடவும் முடியாது, நகலெடுக்கவும் முடியாது. முதல் பக்கம் முழுக்கச் சட்டப் பிரிவுகளும் கடித எண்களும். கூட்டம் என்றைக்கு, எங்கே, ஆட்சேபம் தெரிவிக்கக் கடைசி நாள் எது என்பதெல்லாம் இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரே வாக்கியத்தில் ஒடுங்கியிருந்தன. மறைத்தார்கள் என்று சொல்ல முடியாது. கண்ணில் படும்படி வைத்தார்கள் என்றும் சொல்ல முடியாது. உடன் வேலை பார்க்கும் இளைஞர் அதைப் படமாகவே போட்டுவிடலாம் என்றார். வேண்டாம் என்று உட்கார்ந்து தட்டச்சு செய்தோம். முதல் வரியில் கடைசி நாள். அடுத்து இடமும் நேரமும். பிறகு எந்தெந்தப் பகுதிகள் திட்டத்துக்குள் வருகின்றன என்பது. முடிவில் ஒரு கேள்வி: "உங்கள் பகுதி இதில் இருக்கிறதா? உங்களுக்கு முறைப்படி தகவல் வந்ததா?"

அந்தக் கேள்விதான் ஆட்களைக் கொண்டுவந்தது. பகிர்வுகள் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆனால் பதில் எழுதியவர்களில் ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர் இருந்தார். அறிவிக்கையில் உள்ள எல்லை விவரம் பழைய வரைபடத்தைப் பார்த்து எழுதப்பட்டது என்று பொறுமையாக விளக்கினார். தனியாகப் போகத் தயங்கிய இருவர் அங்கேயே பேசிவைத்துக்கொண்டு கூட்டத்துக்குச் சேர்ந்து போனார்கள். பார்வைக் குறைபாடுள்ள வாசகர் ஒருவர், எழுத்தாகப் போட்டதால் திரைவாசிப்பான் வழியாக முழுவதையும் கேட்க முடிந்தது என்று எழுதியிருந்தார். கருத்தரங்குகளில் இணையச் சமூகம், இணையச் சமூகம் என்கிறார்களே, நான் கண்ட அளவில் அது இதுதான்: நம்மைப் பின்தொடர்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளத் தொடங்குவது. அந்த நேரத்தில் நாம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். பத்திரிகைக்காரர்களுக்கு இது அவ்வளவு சுலபமில்லை.

கோபத்தைக் கிளறிவிட்டால் இதைவிட வேகமாகப் பரவும் என்பது தெரியாமல் இல்லை. நிறுவனப் பக்கங்களைவிட நண்பர்கள், உறவினர்களுக்கு இடையிலான உரையாடலுக்கு முன்னுரிமை தரப்போவதாக 2018 ஜனவரியில் ஃபேஸ்புக் அறிவித்தது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. 2021-இல் வெளியான அதன் உள் ஆவணங்களோ, எந்தப் பதிவை முன்னால் காட்டுவது என்ற கணக்கில் கோபக்குறி உள்ளிட்ட உணர்ச்சிக் குறிகளுக்கு ஒரு காலத்தில் சாதாரண விருப்பக்குறியைப்போல் ஐந்து மடங்கு மதிப்பு தரப்பட்டதைக் காட்டின. பிறகு கோபக்குறியின் மதிப்பை ஒன்றுமில்லாமல் ஆக்கினார்கள். இடைப்பட்ட காலத்தில் தலைப்பு எழுதப் பழகியவர்களின் கை மட்டும் இன்னும் அந்தப் பக்கமே போகிறது.

இந்தச் செய்திகளில் வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் பின்னால் நிற்க ஆளில்லை. சம்பளப் பாக்கி கேட்கும் தொழிலாளியின் முகம் பரவினால் நமக்கு அது நல்ல பதிவு. அவருக்கோ அடுத்த வேலை கிடைப்பதே கேள்விக்குறி. அவர் சம்மதித்திருந்தாலும் ஓரிரு நாள் பொறுத்து மறுபடி கேட்பது எங்கள் வழக்கம். முகம் வேண்டாம், குரல் போதும் என்று மாற்றிச் சொன்னவர்கள் உண்டு. அப்படிக் காத்திருந்த நேரத்தில் வேறு நிறுவனம் முந்திக்கொண்டதும் உண்டு. முந்தட்டும்.

வாட்ஸ்அப் தனி உலகம். ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரு செய்தியை முன்னனுப்ப முடியாது என்று 2019-இல் அது உலகெங்கும் வரம்பு விதித்தது. பலமுறை கைமாறிய செய்திகளை ஒவ்வொரு உரையாடலாகத்தான் அனுப்ப முடியும் என்று 2020-இல் இன்னும் இறுக்கியது. அப்படியும் தேதியில்லாத படங்கள் சுற்றிக்கொண்டேதான் இருக்கின்றன. நடந்து முடிந்த கூட்டத்துக்கு எப்போது வர வேண்டும் என்று ஆட்கள் கேட்பார்கள். அதனால் படத்தின் நடுவில், வெட்டி எடுக்க முடியாதபடி, தேதியைப் பொறித்துவிடுகிறோம். அழகு கெடுகிறது என்று வடிவமைப்பாளருக்கு இன்றுவரை மனத்தாங்கல்.

தளங்களும் நம் கையில் இல்லை. எந்தப் பதிவு எங்கே பரவுகிறது என்று பார்க்கச் செய்தியாளர்கள் பயன்படுத்திவந்த கிரவுட்டேங்கிள் என்ற கருவியை ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 2024 ஆகஸ்டில் மூடிவிட்டது. செய்திகளுக்காகத் தளங்கள் செய்தி நிறுவனங்களுக்குப் பணம் தரச் சொல்லும் சட்டம் கனடாவில் வந்ததும், 2023 ஆகஸ்டிலிருந்து அங்கே ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் செய்திகளையே நிறுத்தத் தொடங்கியது. இன்றைக்கு அங்கே, நாளைக்கு எங்கேயும். ஆகவே பதில் எழுதுகிறவர்களில் விவரம் தெரிந்தவர்களை, அவர்கள் சம்மதத்தோடு, தனிக் குறிப்பேட்டில் எழுதிவைக்கிறோம்: இவருக்கு நில ஆவணம் புரியும், இவர் மருத்துவமனையில் இரவுப் பணி பார்த்தவர், இவரிடம் காலை பத்து மணிக்கு முன் பேசக் கூடாது.

மாத அறிக்கையில் எத்தனை பேரைச் சென்றடைந்தோம் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் நானாக இன்னொரு கட்டம் சேர்த்திருக்கிறேன்: நமக்குத் தெரியாத ஒன்றை இந்த மாதம் எத்தனை பேர் சொன்னார்கள்? முதல் எண் ஆயிரக்கணக்கில் வரும். இரண்டாவதை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆசிரியர் முதல் எண்ணை நிர்வாகத்துக்கு அனுப்பிவிடுகிறார். இரண்டாவதைப் பார்த்துவிட்டு நிருபர்களைக் கூப்பிடுகிறார்.