நெறிமுறைக் குழுவில் பிளாசிபோ

மருத்துவமனை ஒன்றில், மருந்து ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில், மருத்துவம் படிக்காத பொது உறுப்பினராகச் சில ஆண்டுகளாக இருந்து வருகிறேன். மருந்து ஆய்வுக்கான விண்ணப்பம் வரும்போது மருத்துவர்கள் மருந்தின் அளவையும் பக்கவிளைவுகளையும் அலசுவார்கள். என் பங்குக்கு வருவது தமிழில் எழுதப்பட்ட ஒப்புதல் படிவம். அதில் பிளாசிபோ, அதாவது மருந்தைப் போலவே தோன்றும் மருந்தில்லாத மாத்திரை, பற்றிய பத்தியைத்தான் முதலில் தேடிப் படிப்பேன். 'உங்களுக்கு மருந்தோ, மருந்தைப் போன்ற மாத்திரையோ தரப்படலாம்' என்ற ஒற்றை வரியோடு பல படிவங்கள் முடித்துக்கொள்கின்றன. யாருக்கு எது போகிறது என்பது சிகிச்சை தரும் மருத்துவருக்கே தெரியாது என்பதும், ஆய்வு நடக்கும் மாதங்களில் வலியோ சர்க்கரையோ கூடினால் எந்த அளவைத் தாண்டியதும், எந்த மருந்து, யார் செலவில் தரப்படும் என்பதும் அங்கே இருப்பதில்லை.

பிளாசிபோ என்றாலே ஏமாற்று வேலை என்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. வலி, மனச்சோர்வு போன்றவற்றில் மருந்தில்லாத மாத்திரையை விழுங்கியவர்களிலும் பலருக்குக் குணம் தெரியும் என்பதால், அப்படி ஒரு பிரிவை வைத்து ஒப்பிடாமல் புதிய மருந்தின் பலனை அளப்பது கடினம். வழக்கமான சிகிச்சையைத் தொடர்ந்தபடியே, அதன்மேல் புதிய மருந்தையோ பிளாசிபோவையோ சேர்த்துத் தரும் ஆய்வுகளில் எனக்குத் தயக்கம் எதுவும் இல்லை. பலன் தரும் என்று தெரிந்த மருந்தைத் தராமல் வைத்திருக்கும் ஆய்வுகளே சங்கடப்படுத்துகின்றன.

'இந்த நோயாளிகளுக்கு அந்தச் சிகிச்சை எப்படியும் கிடைப்பதில்லையே' என்ற வாதம் எங்கள் கூட்டங்களிலும் எழுவதுண்டு. ஹெச்ஐவி தொற்றுள்ள கர்ப்பிணிகளுக்கு ஏஇசட்டி மருந்து தந்தால் குழந்தைக்குத் தொற்று பரவுவது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறையும் என்பது 1994-இலேயே தெளிவானது. அதன் பிறகும் ஆப்பிரிக்காவிலும் தாய்லாந்திலும், குறைந்த செலவிலான குறுகிய கால மருந்து முறையைச் சோதிப்பதற்காக, ஒரு பகுதிக் கர்ப்பிணிகளுக்குப் பிளாசிபோவே தரப்பட்டது. அதற்குச் சொல்லப்பட்ட நியாயமும், 'எப்படியும் கிடைப்பதில்லையே' என்ற இதே வாதம்தான். குறுகிய கால முறை தொற்றைப் பாதியாகக் குறைக்கிறது என்று 1998-இல் தாய்லாந்து ஆய்வு காட்டியது. அந்த விடையால் பிறகு பல குழந்தைகள் காப்பாற்றப்பட்டதை நான் மறுக்கவில்லை. ஆனால், வறுமையால் எட்டாத மருந்தை அறிவியலின் பெயராலும் எட்டாததாக்குவது நியாயம் என்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.

மனிதர்களிடம் நடத்தப்படும் மருத்துவ ஆய்வுகளுக்கு உலக மருத்துவச் சங்கம் வகுத்த நெறிமுறையான ஹெல்சிங்கி பிரகடனம், பலன் தரும் சிகிச்சை இருக்கும்போது பிளாசிபோ தரும் விஷயத்தில் 2000-இல் இறுகியது; 2002-இல் சேர்க்கப்பட்ட விளக்கக் குறிப்பு அதைச் சற்றுத் தளர்த்தியது. நம் நாட்டின் 2019 மருந்து ஆய்வு விதிகளோ நடைமுறைக்கு நெருக்கமானவை: வழக்கமான சிகிச்சை இருந்தும் அதைத் தராமல் பிளாசிபோ தந்ததால் ஒருவருக்குப் பாதிப்பு நேர்ந்தால், அதற்கு இழப்பீடு உண்டு. விண்ணப்பதாரர்களிடம் இந்த விதியைப் படித்துக் காட்டும்போது அவர்களின் பேச்சில் உடனே ஒரு நிதானம் வருவதைக் கவனித்திருக்கிறேன்.

அண்மையில் வந்த ஒரு நீரிழிவு ஆய்வு, நோயாளிகளின் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பிளாசிபோ தரத் திட்டமிட்டிருந்தது. திருப்பி அனுப்பினோம். பழைய மாத்திரையைத் தொடர்ந்தபடியே நடத்துவதாகத் திருத்தி அனுப்பியவர்கள், இதனால் கூடுதல் நோயாளிகள் தேவைப்படுவதையும் செலவு உயர்வதையும் ஒரு பக்க அளவில் குறைகூறும் கடிதமாக எழுதி இணைத்திருந்தார்கள். அனுமதியளித்து, அந்தக் கடிதத்தையும் கோப்பில் சேர்த்துக்கொண்டோம்.